கொட்டேஷனில் எழுதாத வரி

சென்ற ஆண்டு பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டின் குளியலறையையும் சமையலறையையும் சீரமைத்தபோது, ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனின் அடியில் 2,50,000 ரூபாய் என்று மட்டுமே இருந்தது. அந்தத் தொகையைக் கணக்கில் வைத்துத்தான் நானும் என் மனைவியும் பணத்தைத் திரட்டினோம். டைல்ஸ் ஒட்டி, குழாய்களைப் பொருத்தி, வேலை முடியும் தறுவாயில் அவர், "சார், ஜி.எஸ்.டி. தனி. பில் வேண்டாம்னா இதே தொகைதான்" என்றார். 18 விழுக்காடு என்றால் 45,000 ரூபாய். பில் கேட்டு வாங்கினேன். அதற்காகத் தம்பியிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டு வேலைக்குத் தரும் கொட்டேஷனில் வரியும் சேர்ந்த மொத்தத் தொகைதான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தால், செலுத்திய வரியை அந்நிறுவனம் பெரும்பாலும் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். ஆகவே அங்கே வரியைத் தனியாகச் சொல்வதில் பொருள் உண்டு. குடும்பத்துக்கு அந்த வழி கிடையாது. நம் கையை விட்டுப் போகும் முழுத் தொகையும் நமக்குச் செலவுதான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் மேல்கூட எல்லா வரிகளும் உட்பட்ட விலையை அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாட்டில், லட்சக்கணக்கில் செலவாகும் வேலைக்கு அந்தத் தெளிவு கிடைக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத மேஸ்திரி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. 50 லட்சம் வரையுள்ள சேவைக்காரர் சிறு தொழில் செய்பவர்களுக்கான இணக்கமுறைத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்திருந்தால், 6 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டுமே தவிர நம்மிடம் கேட்க முடியாது. முழுப் பதிவு பெற்றவர்தான் 18 விழுக்காடு சேர்ப்பார். இம்மூவரின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க, இறுதித் தொகையைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

இதைவிட நுட்பமான ஒரு தவறு பொருள்களின் விலையில் நடக்கிறது. சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ், வரியோடு கடையில் 59 ரூபாய். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் அந்த 9 ரூபாயைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் 59 என்றே எழுதி அதன் மேல் மீண்டும் 18 விழுக்காடு போட்டால் நமக்கு 69 ரூபாய் 62 காசு ஆகிறது. எனக்கு வந்த பில்லில் அப்படித்தான் இருந்தது. கேட்ட பிறகே திருத்திக் கொடுத்தார்.

ஒப்பந்தக்காரர்களின் அச்சமும் எனக்குப் புரிகிறது. நேர்மையாக வரி கட்டுபவர் மொத்தத்தைச் சொன்னவுடனே, பதிவில்லாதவரைவிட விலை கூடியவராகத் தெரிகிறார். 2025 ஜூலையில், யூ.பி.ஐ. வரவுகளை வைத்து வணிக வரித்துறை இந்நகரத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பல கடைகளில் ரொக்கம் மட்டுமே என்ற அட்டை தொங்கியதைக் கண்டோம். அந்தக் கலக்கம் எங்களிடம் வேலைக்கு வந்தவர்களிடமும் இருந்தது. ஆனால் வரியைக் கொட்டேஷனுக்கு வெளியே நிறுத்துவதுதான், பில் வேண்டுமா வேண்டாமா என்னும் பேரத்துக்கு இடம் கொடுக்கிறது. பில் இல்லாமல் பணம் கொடுத்தவர், ஆறு மாதத்தில் சுவரில் ஈரம் கசிந்தால் எதைக் காட்டி முறையிடுவார்?

மொத்தத்திலிருந்து வரியைப் பிரிப்பது கடினமும் அன்று. 2,50,000 வரி உட்பட்டது என்றால், அதை 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்கினால் 38,136 ரூபாய். அதுவே அரசுக்குச் சேர வேண்டியது. இத்தொகையையும் பதிவு எண்ணையும் அதே தாளில் எழுதிவிட்டால் போதும். கர்நாடகப் பதிவு எண் 29 என்று தொடங்கும், எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மொத்தம் 15 இடம், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யாரும் அதைச் சரிபார்க்கலாம்.

போன மாதம் பால்கனிக்கு வண்ணம் அடிக்க வந்த பெயின்டரிடம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டேன். தமக்குப் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டு, "14,000, இதற்கு மேல் எதுவும் இல்லை" என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். வேலை முடிந்த அன்று அதே தொகையைக் கொடுத்தேன்.