டாஞ்சியர்: ஆளாளுக்குப் பங்கு கேட்ட துறைமுகம்

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். ஸ்பெயினிலிருந்து மொராக்கோவின் டாஞ்சியருக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கிறவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் இறங்கும் துறையையும் பாருங்கள். ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறையிலிருந்து கிளம்பும் கப்பல்கள் போய் நிற்பது டாஞ்சர் மெட் என்ற துறைமுகத்தில். ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே காத்திருக்கும் டாக்ஸிக்காரர் பைக்குப் போய்விடும். இன்னொரு ஸ்பானியத் துறையான தரீஃபாவின் கப்பல் ஒரு மணி நேரத்தில் பழைய ஊரின் காலடியிலேயே விட்டுவிடும். ஒரே தொல்லை, லெவாந்தே என்ற கிழக்குக் காற்று வலுத்தால் அந்த வேகக் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். திரும்பும் நாளன்றே விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள். ஸ்பெயினுக்கே திரும்புகிறவர்களுக்குப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். இதைக் கோட்டை விட்டால் வேறு வழியே கிடையாது.

ஊருக்குள் ஓடும் வெளிர்நீலச் சிறு டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏறலாம். மீட்டர் போட மாட்டேன் என்றால் இறங்கிவிடுங்கள், அடுத்த வண்டி வரும். இரவில் ஒன்றரை மடங்கு வாங்குவது சட்டப்படியே. அதற்குச் சண்டை போட வேண்டாம். வழியில் வேறு ஆளை ஏற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம்தான்.

ஜிப்ரால்டர் நீரிணையின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஊர் என்பதால் எல்லோருக்கும் இதன்மேல் கண். 1471-இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். 1661-இல் தங்கள் இளவரசி கேதரினுக்குச் சீதனமாக இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார்கள். அதே சீதனத்தில்தான் பம்பாயும் போனது! பம்பாயில் கொழித்தவர்களுக்கு டாஞ்சியர் ஆகிவரவில்லை. பணத்தை வாரிக் கொட்டிக் கடலுக்குள் அலைதாங்கிச் சுவர் கட்டினார்கள். மொராக்கோ சுல்தான் மூலாய் இஸ்மாயிலின் படை நெருக்கியதும் 1684-இல் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். 1923-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் இதைப் பன்னாட்டு மண்டலமாக்கியது. பெயருக்கு சுல்தான், நிர்வாகம் வெளிநாட்டாரிடம். ஒரே ஊரில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஸ்பானிய அஞ்சலகங்கள். 1940 ஜூன் 14, ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைந்த அதே நாள், ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் படை இங்கே புகுந்தது. 1945-இல் வெளியேறியது. மொராக்கோவோடு ஊர் சேர்ந்தது 1956-இல்.

இதையெல்லாம் பார்க்க வழிகாட்டிக்குக் காசு அழ வேண்டாம், கால் போதும். கிராண்ட் சோக்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆங்கிலிக்கன் தேவாலயம். கோபுரம் மசூதி மினாரைப் போல இருக்கும். உள்ளே பீடத்துக்கு முன்னாலுள்ள வளைவை நிமிர்ந்து பாருங்கள்: கிறிஸ்தவர்களின் பரமண்டல செபம் அரபு எழுத்தில் செதுக்கியிருக்கிறது. ஊரின் முழுக் கதையும் அந்த ஒரு வளைவிலேயே இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1912-இல் வில்லா டி பிரான்ஸ் விடுதியின் 35-ஆம் அறையில் தங்கி, ஜன்னல் வழியே வரைந்ததும் இந்தத் தேவாலயத்தைத்தான். வந்த புதிதில் விடாத மழை. அறைக்குள்ளேயே பூச்சாடியை வரைந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்பே 1832-இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு ஓவியர் தெலக்ருவா வந்து குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டு போனார். ஆனால் அந்த ஜன்னல் ஓவியம் மாஸ்கோவில், தெலக்ருவாவின் யூதத் திருமண ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். அவற்றை இங்கே தேடி அலையாதீர்கள்.

இங்கேயே பார்க்கக் கிடைப்பவை வேறு. மதீனா என்கிற பழைய ஊருக்குள் சந்தின் இரு பக்கமும் பாலம் போட்டு நிற்கும் அமெரிக்கத் தூதரக மாளிகை, 1821-இல் சுல்தான் கொடுத்தது. வெளிநாட்டில் அமெரிக்க அரசுக்குக் கிடைத்த முதல் சொத்து. ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் மெக்பே வரைந்த ஸொஹ்ரா என்ற பெண்ணின் படம் அங்கே இருக்கிறது. 'மொராக்கோவின் மோனாலிசா' என்ற பட்டம் அவளுக்கு வேண்டாத சுமை. அந்தப் பார்வை தனியாகவே நிற்கும். கஸ்பா என்ற பழைய கோட்டைப் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயன்று போகாதீர்கள், விடுமுறை. மொராக்கோவின் பழைய ரோமானிய நகரமான வொலுபிலிஸிலிருந்து வந்த, வீனஸ் கடல் பயணம் போகும் ரோமானிய மொசைக்கை அவசரப்படாமல் பாருங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஹெர்குலிஸ் குகைக்கு ஆகும் டாக்ஸி காசுக்கு இது எவ்வளவோ மேல்.

மதுரை சுல்தானகத்தின் கொடுமைகளையும் கொள்ளைநோயையும் எழுதிவைத்த பயணி இப்னு பதூதா பிறந்ததும் இந்த ஊரில்தான். மதீனாவுக்குள் அவருடையதாகச் சொல்லப்படும் சிறு சமாதி இருக்கிறது. பெரும்பாலும் பூட்டியே கிடக்கும்.

தங்குமிடம் பற்றி எழுத உட்கார்ந்தேன், பசிதான் முந்துகிறது. காலையில் பிஸாரா: காய்ந்த பாவா மொச்சையைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும், கூட ரொட்டி. சாயங்காலம் தள்ளுவண்டியில் காலிந்தே. கடலை மாவைத் தண்ணீராகக் கரைத்து, முட்டையும் எண்ணெயும் சேர்த்துத் தட்டோடு அடுப்பில் சுட்டது. மேலே மொறுமொறு, உள்ளே கொழகொழ. சூடு ஆறிவிட்டால் வாங்காதீர்கள். மொராக்கோ நாணயமான திர்ஹாம் சில்லறையாகக் கையில் இருக்கட்டும், வண்டிக்காரரிடம் கார்டு செல்லாது.