ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது?

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கணவருக்கு அடிக்கடி மாற்றல் வரும் வேலை. அதனால் ஆறாம் வகுப்புக்கு அவனை பெங்களூருவில், தேவனஹள்ளிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். "நர்ஸ் இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்றார்கள். நர்ஸ் மாலையே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

பகலைப் பற்றி எனக்குப் பயமில்லை. விரலில் குத்திச் சுகர் பார்ப்பது, பேனாவில் இன்சுலின் போட்டுக்கொள்வது எல்லாம் அவனே செய்வான். ராத்திரிதான் சிக்கல். சாயங்காலம் ஃபுட்பால் ஆடினால், உடம்பு அதற்குப் பிறகும் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தூக்கத்தில் 'லோ' ஆகிவிடும், அதாவது ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அதனால் பிரின்சிபாலைவிட வார்டனிடம்தான் அதிகம் பேசினேன். கோலார் தங்கவயல்காரர், தமிழ்தான். டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் தாள்களைப் புரட்டிவிட்டு, "நடுராத்திரி இதைப் படிச்சுக்கிட்டு நிக்க முடியுமா மேடம்? என்ன பண்ணணும்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். நியாயம்தானே!

டாக்டரிடம் கேட்டு ஒரே பக்கத்தில் தமிழில் எழுதினோம். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி போட்டு, 108-ஐக் கூப்பிட வேண்டும். எனக்கு போன் அதற்கு அப்புறம்தான். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாமல் கிடந்தாலும் ராத்திரி போடும் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது. கீட்டோன் (இன்சுலின் போதாவிட்டால் உடம்பில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டு உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். இதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

திறக்காத இன்சுலின் வார்டன் அறை ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறது. ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது, உறைந்தால் வீண். சாப்பாட்டின் அளவைப் பார்த்துத்தான் இன்சுலின் என்பதால், மெஸ் சமையல்காரர் சாதத்தை ஒரே கரண்டியால் அளந்து போட ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கேசரி பாத் மட்டும் இன்றுவரை யாருக்கும் கணக்கில் வரவில்லை.

பாக்கெட்டில் தின்பண்டம் கூடாது என்று ஒரு டீச்சர் குளுக்கோஸைப் பிடுங்கி வைத்தார். பொதுத்தேர்வு அறைக்கே டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-ல் அனுமதித்ததைக் காட்டியதும் பேச்சு அடங்கியது.

வரும் ஜூனில் புது வார்டன் வருகிறார். இப்போதைய வார்டன் அக்காவே அவருக்கு மீட்டரும் ஊசியும் பழக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவாராம்.