தங்கையின் முடியும் சிவப்பு ஒளியும்

போன மழைக்காலத்தில் என் தங்கைக்கு டெங்கு வந்து குணமானது. இரண்டரை மாதம் கழித்து, தலை வாரும்போதெல்லாம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவார் அனைவரும் போர் தண்ணீரின் உப்பைத்தான் குறை சொன்னார்கள். அவளோ ஒரு தனியார் முடி சிகிச்சை மையத்துக்குப் போய், தலையில் சிவப்பு ஒளி பாய்ச்சி முடியை வளர்க்கப் பார்க்கும் ஒளிச் சிகிச்சைக்கு ஓராண்டுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு வந்தாள். சில மாதங்களில் உதிர்வு நின்றது. நெற்றியோரத்தில் குட்டை முடிகள் சிலிர்த்து நின்றன. "லைட்டு நல்லா வேலை செய்யுதுண்ணே" என்று கண்ணாடி முன் நின்று அவள் காட்டியபோது மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கடுங்காய்ச்சலுக்குப் பின், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது. வேர் சாவதில்லை என்பதால், ஒளி பட்டாலும் படாவிட்டாலும், பெரும்பாலோருக்கு இந்த உதிர்வு ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். அந்த மையத்தில் காய்ச்சல் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை, இரத்தசோகைக்கோ தைராய்டுக்கோ பரிசோதனை எழுதித் தரவும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அதற்காக ஒளிச் சிகிச்சையை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய எலிகளின் முதுகை மழித்து ஒளி பாய்ச்சினார்; புற்றுநோய் வரவில்லை, மாறாக அந்த எலிகளுக்கு முடி விரைவாக வளர்ந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் ஆண்களுக்கும் 2011-இல் பெண்களுக்கும் லேசர் சீப்பை (சிவப்பு லேசர் ஒளியைத் தலையில் பாய்ச்சும் சீப்பு) விற்க இசைவளித்தது. ஒரு புதிய மருந்துக்கு வேண்டிய அளவு கடுமையான சான்று இத்தகைய இசைவுக்குத் தேவையில்லை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரம்பரை வழுக்கை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான லேசர் சீப்பையும் மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள போலிச் சீப்பையும் கொடுத்து 26 வாரம் பார்த்தார்கள். உண்மையான சீப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 20 முடி கூடியது. போலிச் சீப்பிலும் சில முடிகள் கூடியிருந்தன என்பதைத்தான் நான் தங்கைக்கு எடுத்துச் சொன்னேன்: ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், தானாக வந்த நன்மையையும் கருவியின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சீப்பைத் தயாரித்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமான தலையில் அதே பரப்பில் 150-க்கும் மேல் முடி இருக்கும். ஆகவே 20 என்பது மெலிந்துவரும் உச்சந்தலைக்கு ஓரளவு உதவியே தவிர, வேரே அற்றுப் பளபளக்கும் இடத்தில் எதையும் முளைக்க வைக்காது. வாரத்துக்கு மூன்று நாளாவது விடாமல் செய்ய வேண்டும். நிறுத்தினால் கிடைத்ததும் மெல்லப் போய்விடும்.

உச்சியில் முடி மெலிந்துவரும் என் அத்தை மகன், பெண் பார்க்கத் தொடங்கியிருக்கும் அவசரத்தில், தவணையில் ஓர் ஒளித்தொப்பி வாங்க இருந்தான். அதை நிறுத்திவைத்து, முதலில் ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டச் சொல்லியிருக்கிறேன். தலையில் தடவும் மினாக்சிடில் போன்ற மருந்துக்கு இருக்கும் சான்று ஒளியை விட வலுவானது, செலவும் குறைவு. திங்கட்கிழமை காலை நானும் உடன் போகிறேன்.