மெயிலும் தனிக்குடித்தனமும்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயில்தான். 2007-இல் ஜிமெயில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டதும், தம்பி பினாங்கு கொம்தார் கட்டடம் பக்கம் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து உருவாக்கியது. முகவரியில் முருகனும் இருக்கிறார், எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ப்ளாக் நம்பரும் இருக்கிறது. மேல்படிப்புக்கு மனுப் போடத்தான் திறந்தான். அப்புறம் அப்பாவின் இபிஎஃப் என்கிற சேமநிதி, என் பேங்க், அக்கா கல்யாண மண்டப ரசீது, தம்பியின் கார் லோன், பிள்ளைகளின் டியூசன் என்று ஒவ்வொன்றாக வந்து குடியேறிவிட்டது. பாஸ்வேர்ட், அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளின் ப்ளேட் நம்பர். ‘பி’யில் தொடங்கும் என்பது பினாங்கில் பிறந்த எவனுக்கும் தெரியும். மீதி எங்கள் மாடியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இத்தனை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன வாரம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் போன் செய்தார். “அண்ணே, உங்களுக்கு அனுப்புறது எல்லாம் திரும்பி வருது. ஃபுல்லுன்னு காட்டுது.”

கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள்தான் முட்டி மோதிக்கொண்டு இருக்க வேண்டும். 2021 ஜூன் வரைக்கும் போட்டோவுக்குக் கணக்கில்லை. வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்பு கணக்கில் சேராமல் இருந்தது, இப்போது சேருகிறது. நிறைந்துவிட்டால் மெயில் வரவும் வராது, போகவும் போகாது. யார் இந்தப் புண்ணியவான் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். அம்மா. போன் வாங்கிய நாளிலிருந்து அம்மாவுக்கு வந்த அத்தனை ‘காலை வணக்கம்’ படமும் அப்படியே இருந்தது. தாமரை, குத்துவிளக்கு, தண்ணீர்மலை முருகன், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. ஒரு பூனைக்குட்டி கைகூப்பி ‘வாழ்க வளமுடன்’ என்கிறது. ஒரே ரோஜாப்பூவை எல்லாச் சித்திமார்களும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்கள். அம்மா ஒன்றைக்கூட விடவில்லை.

“அழிச்சிடலாமா?” என்று கேட்டேன்.

“எங்க போகும்?”

“குப்பைத் தொட்டிக்கு. அங்க 60 நாள் இருக்கும், அப்புறம் தானா போயிரும்.”

“முருகனை ரெண்டு மாசம் குப்பைத் தொட்டியில போட்டு வைப்பியா? நல்லா இருப்பியாடா நீ?”

சரி, படங்களும் அந்த முகவரியும் அம்மாவுக்கே இருக்கட்டும், கொஞ்சம் காசு கட்டி இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் எல்லாரும் வேறு முகவரி எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம் என்று முடிவானது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எச்ஆரில் இருக்கும் மனைவிதான் திட்டம் போட்டாள். பேங்குக்கும் வருமான வரிக்கும் ஒன்று, அதை ஒரு ஈ காக்கைக்கும் சொல்லக்கூடாது. கடை, பாயிண்ட் கார்டு, ஆன்லைன் சாமானுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்று. முகவரிக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எந்தக் கடையின் பெயரைச் சேர்த்தாலும் மெயில் நமக்கே வருமாம். எவன் நம் முகவரியை விற்றான் என்று கையும் களவுமாகப் பிடிக்கலாமாம். பல கடைகளின் ஃபாரம் கூட்டல் குறியைக் கண்டாலே ‘தவறான முகவரி’ என்று முறைக்கும், அது வேறு கதை. அவளுக்கு இதில் எல்லாம் ஓர் ஆனந்தம். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற 555 புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கிவந்து, சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்து எழுதினாள்.

“பேங்க் நமக்கு. லைட் பில் நமக்கு. தண்ணி பில் தம்பிக்கு. இபிஎஃப் மாமாவுக்கு. பழசு அத்தைக்கு.”

அம்மா அடுப்படியில் இருந்தார். டிவி சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்காத காது, இதை மட்டும் எழுத்து விடாமல் கேட்டிருக்கிறது.

மறுநாள் பசியாறுவதற்குள் ராணி சின்னம்மா வந்துவிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி. கையில் ஒரு பை நிறைய முறுக்கு. துக்க வீட்டுக்கு முறுக்கு கொண்டுவர மாட்டார்கள் என்பதால் நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை. உள்ளே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பழசை உனக்குத் தள்ளிட்டாங்களாமே அக்கா” என்று ஆரம்பித்தார். “லைட் பில்கூட தனியாமே!”

பெரிய மாமா பெர்ரியில் வருகிற ஆளில்லை. இப்போதைய பெர்ரியில் கார் ஏற்ற முடியாது. மாமா நடக்க மாட்டார். பாலத்தில் வந்தார். சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். “ஒரு வீட்டுல ரெண்டு உலை கொதிச்சா...”

மனைவி லேப்டாப்பைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். விளக்கினோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். முகம்தான் வாடிப்போனது.

“அப்ப சண்டை ஒண்ணும் இல்லையா?”

“இல்ல மாமா.”

“டோல் கட்டிட்டு வந்திருக்கேன்.”

வந்ததற்கு மரியாதையாக அவருக்கும் ஒரு முகவரி திறந்து தருகிறேன் என்றேன். தேவையில்லையாம், அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதாம். பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினார். ஜாரிங் முகவரி. இந்த நாட்டில் இன்டர்நெட் என்ற ஒன்றை முதலில் விற்ற கம்பெனி அது. 2015-இல் இழுத்து மூடியாயிற்று. “எனக்கு யாரும் தொந்தரவு குடுக்கிறதே இல்ல” என்றார். அதில் சந்தேகமே கிடையாது.

முறுக்கு தீர்ந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒவ்வொரு இடமாகப் போய் முகவரியை மாற்றுவதற்குப் பழைய மெயிலுக்குள் நுழைய வேண்டும். புது லேப்டாப் என்பதால், ‘நீங்கள்தானா?’ என்று அம்மா போனுக்கு ஒரு கேள்வி போகும். அம்மா ‘இல்லை’ என்பதை அமுக்கிவிடுவார். மறுபடி முயன்றால் மறுபடியும் ‘இல்லை’.

“அம்மா, அது நான்தான்.”

“எவனோ உள்ள வரப் பார்க்கிறான். நான் விடல.”

“அந்த எவனோ நான்தாம்மா!”

“அப்படித்தான் சொல்லுவானுங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. 997-க்கு அடிக்கவா?”

2022-இல் ஸ்கேம்காரர்களைப் பிடிக்க அரசாங்கம் அந்த நம்பரைக் கொண்டுவந்தபோது, பெற்ற பிள்ளையையே பிடித்துக் கொடுக்கும் தாய்மார்களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் சின்னம்மா அம்மாவைப் பேச்சுக்கு இழுத்து வைத்திருக்க, என் மகள் பாட்டி போனில் ‘ஆம்’ என்பதை அமுக்கினாள்.

எல்லாம் மாறியது. 555 புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. மனைவிக்குத் தீபாவளி.

அப்பாவைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்தப் பொது மெயிலில் அப்பா ஒரு கடிதம்கூட எழுதியது கிடையாது. ஹார்பர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து படிப்பது மட்டும்தான். காலையில் தமிழ்ப் பேப்பர், அடுத்து மெயில். என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். தம்பி தவணை கட்டாமல் இழுத்தடித்தால் ராத்திரி சாப்பிடும்போது ஃபேனைப் பார்த்து, “ஒருத்தன் காருக்கு இன்னும் பணம் கட்டலையாம்” என்பார். அக்கா இன்னொரு ஏர் ஃபிரையர் வாங்கியதை அத்தானுக்குப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது அவருக்கென்று தனி மெயில். திறந்தால் கூகுளின் வரவேற்புக் கடிதம் ஒன்று. இபிஎஃப் அறிக்கை எப்போதாவது வரும். இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் கணக்கையே எடுத்துவிடுவார்கள் என்று மனைவி ஏதோ பேச்சுக்குச் சொல்லிவைக்க, அப்பா காலை, மதியம், ராத்திரி என்று மருந்து சாப்பிடும் நேரத்துக்கெல்லாம் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். “எனக்கு ஒண்ணும் வரல” என்று யாரிடமும் இல்லாமல் சொல்வார். இரண்டு பேரங்காடிகளில் உறுப்பினராகச் சேர்ந்து பார்த்தார். கோழி விலையைச் சத்தமாகப் படித்தார். அது போதவில்லை போலும்.

லைட் பில்லை அவருக்கும் ஒரு காப்பி போகிற மாதிரி நேற்று மாற்றிவைத்தேன். மனைவிக்குத் தெரியாது, திட்டத்தில் இல்லாதது. இன்று காலை அப்பாவின் முதல் மெயில் வந்தது.

‘அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. லைட் பில் கிடைத்தது. போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது. பகலில் ஏர்கோன் போடுவது யார் என்று தெரியப்படுத்தவும். இப்படிக்கு அப்பா.’

பக்கத்து அறையிலிருந்து எழுதியிருக்கிறார். காப்பி தம்பிக்கு, அக்காவுக்கு, அத்தானுக்கு, பெரிய மாமாவுக்கு. மாமாவுக்குப் போட்டது உடனே திரும்பி வந்துவிட்டது. அதனால் அப்பாவுக்கு இன்றைக்கு இன்னொரு மெயில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார்.