ஏபிஎஸ் ஏன் பேசவில்லை?

அந்த வண்டி என் கைக்கு வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் ஏபிஎஸ் மாட்யூலை, அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்றியிருந்தார்கள். புதுசு போட்ட மூன்றாம் நாளே பழைய தொல்லை திரும்பிவிட்டது என்றார் வண்டிக்காரர். ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குறையும் இருக்காது. கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரியும், ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும், ஸ்டியரிங் கனத்துப்போகும். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். எஞ்சின், ஸ்டியரிங், டேஷ்போர்டு மீட்டர் மூன்றின் மாட்யூல்களிலும் யு0121 என்ற பழுதுக் குறியீடு (கோட்) பதிவாகியிருந்தது. ஏபிஎஸ்-உடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். யு-வில் தொடங்கும் கோடுகளைப் படிக்கிற விதமே வேறு. மற்ற கோடுகளில் ஒரு மாட்யூல் தன் வலியைச் சொல்கிறது. யு கோடு பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய புகார். அவர் பேசவில்லை என்பது மட்டும்தான் புகார் கொடுத்தவருக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்பது அவருக்கும் தெரியாது, ஸ்கேனருக்கும் தெரியாது. இந்த இடத்தில்தான் நம் தொழிலில் நல்ல மாட்யூல்கள் வீணாகத் தூக்கி எறியப்படுகின்றன. அது எனக்கு எப்போதுமே மனவருத்தம்.

பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் (CAN) முறையில்தான் இன்றைய வண்டிகள் பெரும்பாலும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. முறுக்கிய இரண்டே கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட், யாராவது பேசினால் ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் மீட்டர் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வண்டியில் 60 ஓம் சரியாக வந்தது. ஆனால் 60 வந்தால் நடு லைன் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ஏபிஎஸ்-க்குப் போகும் கிளைக் கம்பி அறுந்திருந்தாலும் சாக்கெட்டில் 60-தான் காட்டும். அதனால் ஏபிஎஸ் கனெக்டரைக் கழற்றி அங்கேயும் அளந்தேன். அங்கும் 60. பேட்டரியை மாட்டிவிட்டுப் பார்த்தால் கனெக்டருக்கு சப்ளையும் முழுதாக வந்தது. கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் எர்த் பின்னில் மீட்டரை வைத்ததும், இணைப்பு இருக்கிறது என்று பீப் சத்தம்.

"அண்ணே, எல்லாமே நல்லாத்தானே இருக்கு?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. அன்று மாலை வரை என்னிடமும் பதில் இல்லை.

மறுநாள் காலை, வண்டி நன்றாக ஆறியிருந்தபோது நானே ஓட்டினேன். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். வேகம் 20-ஐத் தொட்டபோது பானெட்டுக்குள்ளிருந்து விர்ரென்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த கணம் விளக்குகள் எரிந்தன, முள் விழுந்தது. அந்தச் சத்தம் ஏபிஎஸ் பம்ப் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்தபின் முதல் தடவை நகரும்போது அது ஒரு முறை ஓடி நிற்கும். பம்ப் ஓடினால் கரண்ட் நிறைய இழுக்கும். அப்படியானால் லைனை விட்டுவிட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்ததும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். மறு முனையை, கனெக்டரைக் கழற்றாமலே பின்பக்கமாக எர்த் பின்னில் செருகினேன். தம்பி ஸ்கேனரிலிருந்து பம்ப்பை ஓட்டினான். 0.1, 0.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட்டைத் தாண்டியது.

"நேத்து பீப் அடிச்சுதேண்ணே!"

"பீப் அடிக்க ஒரு இழை ஒட்டிட்டிருந்தாப் போதும்டா. பம்ப் ஓட அது போதாது."

மீட்டர் அனுப்புவது துளியளவு கரண்ட். அந்தத் துளி எப்படியும் ஊர்ந்து போய்விடும். அந்த வண்டியில் பம்ப்புக்கும் மாட்யூலுக்கும் ஒரே எர்த் போல்ட். பம்ப் ஓடும்போதெல்லாம் மாட்யூலின் தரைமட்டமே 3 வோல்ட் மேலே தூக்கிக்கொள்கிறது. அது 2.5 என்று நினைப்பது மற்றவர்கள் கணக்கில் 5.5. அதற்குக் கிடைக்கும் சப்ளையும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. அப்புறம் எப்படிப் பேசும்?

போல்ட் பேட்டரி தட்டுக்கு அடியில் இருந்தது. எப்போதோ முன்பக்கம் அடிபட்டு ஒட்டுவேலை செய்து, பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே எர்த் கம்பி நுனியின் வளையத்தை, அதாவது லக்கை, வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே கரண்ட் போயிருக்கிறது. லக்கைத் தூக்கினேன். அடியில் பச்சை பூத்திருந்தது. அதற்கும் கீழே பெயிண்ட் வட்டமாக, கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. உப்புத்தாளால் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். புது லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி பம்ப்பை ஓட்டினால் 0.08.

சாவி கொடுக்கும்போது போல்ட்டையும் பழைய லக்கையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். வண்டிக்காரர் லக்கை விரலில் புரட்டிப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார் பழைய ஏபிஎஸ் மாட்யூலை.

"அப்போ இது?" என்றார்.

"நல்லதாத்தான் இருந்திருக்கும் சார்" என்றேன்.