16 இன்ச் சைக்கிள்: கல்லிடைக்குறிச்சி நாட்குறிப்பு

மே 5, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து அக்கா அனுப்பிய சைக்கிள் வந்து சேர்ந்தது. லோடு ஆட்டோவில், ஒரு பழைய மின்விசிறிக்கும் இரண்டு சாக்கு மூட்டைக்கும் நடுவில். அக்கா மகன் ஓட்டி, கால் நீண்டுபோய், ஒதுக்கிப் போட்ட 16 இன்ச் சக்கர வண்டி. சிவப்புப் பெயின்ட் பரவாயில்லை. மற்ற இரும்பெல்லாம் கடல்காற்றில் கிடந்த இரும்புதான். செயின் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினால் வயர் உறைக்குள் இறுகி, லீவர் திரும்பி வரமாட்டேன் என்கிறது.

பாப்பாவுக்கு ஐந்தரை வயது. சீட்டை அடிவரை இறக்கி உட்கார வைத்துப் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிறது, முட்டியும் லேசாக மடங்குகிறது. போதும். "வளர்ற பிள்ளை, 20 இன்ச்சா வாங்கிப் போடு" என்று மாமா போனில் சொன்னார். பள்ளிக்கூடச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாகத் தைக்கிற கணக்கு சைக்கிளுக்கு ஆகாது. கால் எட்டாத வண்டியில் ஏறுகிற பிள்ளை பயத்தைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும். நாங்களெல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற 'அவர்' சைக்கிள் எடுத்து, பாருக்குள் காலை விட்டு குரங்கு பெடல் அடித்துப் படித்தவர்கள்தான். அதற்கு விலையாகக் கொடுத்த முட்டித் தழும்பு இன்னும் இருக்கிறது.

மே 6

தெருமுனை மளிகைக் கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் சைக்கிளைத் தூக்கி வைத்தேன். 11 கிலோ 400. பாப்பா 17 கிலோ. நான் 68. அதே கணக்கில் பார்த்தால் நான் 45 கிலோ சைக்கிளை ஓட்ட வேண்டும். நமக்குத் தள்ளவே முடியாது.

கேரியர், முன் கூடை, முதுகுச் சாய்வு, சைடு வீல் நாலையும் கழற்றி மறுபடி நிறுத்தேன். 9 கிலோ 300. கைப்பிடிக் குஞ்சத்தையும் வெட்டலாம் என்றால் பாப்பா அழுதாள். அதை மட்டும் விட்டுவைத்தேன், பாதியாகக் கத்தரித்து.

சைடு வீல் இல்லாமல் எப்படி என்று வீட்டில் பெரிய விசாரணை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த வண்டி சாயாது. சைக்கிளோ சாய்ந்துதான் திரும்பும். அதனால் சைடு வீலில் பெடல் அடிக்கத்தான் படிக்கலாம், பேலன்ஸ் படிக்க முடியாது. போதாததற்கு, பள்ளமான இடத்தில் இரண்டு சின்னச் சக்கரமும் தரையைத் தொட்டால் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். எங்கள் தெருவில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

மே 11, சனி

இன்றைக்கு மானம் போனது. பெடலைக் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்திப் போக வைத்தால் பேலன்ஸ் முதலில் வந்துவிடும் என்பது என் திட்டம். வலது பெடல் ஐந்து நிமிடத்தில் வந்தது. இடது பெடல் அசையவே இல்லை. துருப்பிடித்துவிட்டது என்று எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், ஸ்பானரின் மேல் ஏறியே நின்றேன். கடைசியில் ஸ்டேஷன் போகிற வழியில் இருக்கிற சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இடது பெடலுக்கு எதிர் மரைலா. நீங்க கழத்தல, காலைலேர்ந்து முறுக்கிட்டு இருந்திருக்கிய."

மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இடது பக்கம் மட்டும் மரை, அதாவது திருகு வரி, தலைகீழ். அவர் சொன்ன சூத்திரம்: ஸ்பானரைப் பெடலில் மாட்டி நேர் மேலே நிறுத்து, பின் சக்கரம் இருக்கிற பக்கமாகத் தள்ளு. எந்தப் பெடலானாலும் கழலும். முன்பக்கம் தள்ளினால் இறுகும். இத்தனை வருஷம் சைக்கிளில் போய் வந்தவனுக்கு இது தெரியவில்லை.

அதோடு விட்டாரா? வண்டியை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். "இதுல ஃபோர்க் திரும்பில்லா கிடக்கு?" முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை முன்பக்கமாக வளைந்திருக்க வேண்டும், முன் பிரேக்கும் அதன் முன்னால் இருக்க வேண்டும். இதில் இரண்டும் பின்னால். அட்டைப்பெட்டியில் வந்த வண்டியைக் கடையில் மாட்டும்போதே கவையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் போல. சக்கரம் உள்ளே தள்ளி வந்துவிடுவதால், திரும்பும்போது பெடலில் இருக்கிற கால் டயரில் இடிக்கும். அக்கா மகனுக்கு இரண்டு முறை கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. "அவன் ஓட்டுற லட்சணம்" என்று அவனைத்தான் வைதோம். இரவு அவனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஐஸ்கிரீமுக்கு ஒப்புக்கொண்டான்.

மே 12

செயின் வேலை. கழற்றி அரை டம்ளர் டீசலில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்ததில் மூன்று இடத்தில் விறைப்பு. அந்தக் கண்ணிகளைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்து நெகிழ்த்த வேண்டியிருந்தது. ஆச்சி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவள் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான். அதை விட்டால் தெருப் புழுதியெல்லாம் ஒட்டிக் களிம்பாகிவிடும் என்று சொல்லி, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டேன். பத்து நிமிடம் கழித்துத் துணியால் வெளியே இருப்பதை வழித்துத் துடைத்தாயிற்று. எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், மேலே மினுமினுத்தால் பாவாடைக்குத்தான் கேடு.

மாட்டும்போது நடுவில் விரலால் தூக்கினால் அரை இன்ச் ஆடுகிற மாதிரி பின் சக்கரத்தை இழுத்து வைத்தேன். ரொம்ப இழுத்தால் மிதிக்கக் கனக்கும், தளர்ந்தால் கழன்று விழும். செயின் கவர் கட்டாயம் வேண்டும், எடையைப் பார்த்து அதைக் கழற்றவில்லை.

மே 19, ஞாயிறு

"பெடல் இல்லாம எப்படிப்பா ஓட்ட?" என்று முதல் நாள் முறைத்தவள், இப்போது தெருவின் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை உந்திக்கொண்டு வருகிறாள். நேற்றிலிருந்து நாலு வீட்டுத் தூரம் காலைத் தரையில் வைக்கவே இல்லை.

இன்று அதே வேகத்தில் போய் எதிர்வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த அப்பளப் பாயில் ஏறிவிட்டாள். எங்கள் ஊரில் சைக்கிள் படிக்கிறவர்கள் மாடு, ஆட்டோ இரண்டுக்கும் பயந்தால் போதாது. "ஏட்டி, அப்பளத்துல ரோடு போட்டுட்டியே!" என்றார் அத்தை. முப்பது அப்பளத்துக்குக் காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. டயர் அச்சு விழாத பத்து அப்பளத்தைப் பொரித்துக் கொடுத்துவிட்டார்.

குற்றம் பாப்பாவுடையது இல்லை. பிரேக் பிடித்தாயா என்று கேட்டதற்குக் கையை நீட்டிக் காட்டினாள். கைப்பிடியில் உள்ளங்கை இருக்கும்போது விரல் நுனிதான் லீவரைத் தொடுகிறது. நான் அழுத்திப் பார்த்து "நல்லாப் பிடிக்கு" என்று விட்டிருக்கிறேன், என் கையால். லீவர் அடியில் ஒரு பொடித் திருகாணி இருக்கிறது, அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடியோடு நெருங்கி வரும். அதற்குத் தக்கபடி வயரையும் மறுபடி சரிசெய்து, பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்தேன். பிறகு அவளையே இரண்டு விரலால் அழுத்தச் சொல்லி, நான் வண்டியைத் தள்ளினேன். நகரவில்லை.

கைப்பிடி ரப்பரின் நுனி கிழிந்து குழாயின் வாய் தெரிந்தது. விழும்போது அது வயிற்றில் குத்தினால் கதை வேறு. புது ரப்பர் ஒரு ஜோடி மாட்டியாயிற்று.

மே 26

பஞ்சர். கன்னடியன் கால்வாய்க் கரையில் மஞ்சள் பூ பறிக்க இறங்கினாளாம். நெருஞ்சி. பூவைப் பார்த்தவள் முள்ளைப் பார்க்கவில்லை. டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கினால் இரண்டு இடத்தில் குமிழி. உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரை பொறுமையாக இருந்து ஒட்டினேன். டயருக்குள் விரலை விட்டுத் தடவினால் முள் நுனி இன்னும் உள்ளேயே! அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் நாளைக்கு மூன்றாவது ஒட்டு.

ஜூன் 2, ஞாயிறு

பெடலை மாட்டினேன், மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே முதல் நாலு சுற்று. சீட்டை ஒரு விரல் உயர்த்தினேன். பாதத்தால் பெடலைப் பின்னால் சுற்றி, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கிற இடத்தில் நிறுத்தி மிதிக்கச் சொன்னேன். சீட்டைப் பிடிக்கவில்லை, பின்னால் ஓடவும் இல்லை. மூன்றாவது மிதியில் போய்விட்டாள். மேற்கேயிருந்து வீசுகிற மேல்காற்று வேறு முதுகில் தள்ளியது. திரும்பி வரும்போது அதே காற்று எதிரே. பாதி வழியில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 16

ஒரு வாரமாகச் சாரல். பொதிகைப் பக்கம் மலையே தெரியவில்லை. நனைந்த வண்டியைத் துடைத்து, செயினுக்குச் சொட்டு எண்ணெய் விட்டு, நட்டுகளை ஸ்பானரால் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். பின் சக்கர நட்டு ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. சீட்டை இன்னும் ஒரு விரல் உயர்த்தச் சொல்கிறாள். கம்பியில் இதற்கு மேல் தூக்காதே என்று கோடு போட்டிருக்கிற இடத்துக்கு இன்னும் நாலு விரல் இருக்கிறது.