பாட்டு இருக்கு, பாடுறவரைக் காணோம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பாதி நாள் பையரோடு, அதாவது ஆர்டர் கொடுக்கிறவரோடு, லேப்டாப் காலில் பேசுவதிலேயே போகும். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்துக் குரல் கிணற்றடியில் இருந்து வருகிற மாதிரி தேய்ந்து, அப்புறம் சுத்தமாகக் காணாமல் போனது. ஹெட்செட் வயரை லேப்டாப்போடு சேர்த்து விரலால் அழுத்தினால் குரல் வரும், விட்டால் போய்விடும். அன்றைக்கு அரை மணி நேரம் ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டே சைஸ் சார்ட் பேசி முடித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பாட்டைப் போட்டேன். வயலின் வருகிறது, தபேலா வருகிறது, பாடுகிறவரை மட்டும் காணோம். துப்பு அதிலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

இரண்டு சாயங்காலம் சாஃப்ட்வேரிலேயே போனது. சத்தத்தை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன், அப்டேட் செய்தேன், செட்டிங்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டினேன். நடுவில் 'எதைச் செருகினீர்கள், ஹெட்போனா, மைக்கா?' என்று கேட்கும் பெட்டி தானாகவே வந்து வந்து போனது. நான் எதையும் புதிதாகச் செருகவில்லை. ஹெட்செட்டைச் செருகும் ஓட்டைதான் ஜாக், வயரின் உலோக நுனிதான் பின். ஜாக்குக்குள் பின் வந்ததை உணர ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. பின் அசையும்போதெல்லாம் அது போட்டு அணைந்துகொண்டிருந்தது. பெட்டி தானாக எட்டிப் பார்த்தால் டிரைவருக்கு முன்னால் ஜாக்கைப் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்லத் தெரிகிறது.

மூன்றாம் நாள்தான் ஒழுங்கான வழிக்கு வந்தேன். என் போனில் ஜாக்கே கிடையாது என்பதால் அம்மாவின் பழைய போனை வாங்கி ஹெட்செட்டைச் செருகினேன். கணீரென்று பாடியது. தம்பியின் இயர்போனை லேப்டாப்பில் செருகினால் அதே கோளாறு. அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த யூஎஸ்பி ஹெட்செட்டை மாட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆக ஹெட்செட் நல்லது, விண்டோஸும் நல்லது. மிச்சம் பெரும்பாலும் அந்த ஓட்டைதான்.

பாடகர் மறைந்த கதைக்கு வருகிறேன். மைக் உள்ள ஹெட்செட்டின் 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை பிரிக்கிற நான்கு உலோகப் பகுதிகளில் ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு, ஒன்று மைக்குக்கு, ஒன்று எல்லாவற்றுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்டு. பின் முழுசாக உள்ளே போகாவிட்டால் ஜாக்கின் கிரவுண்டு தகடு உலோகத்தைத் தொடாமல் கறுப்பு வளையத்தின் மேல் உட்கார்ந்துவிடும். கிரவுண்டு அறுந்தால் இரண்டு காதும் ஒரே வயரில் வரிசையாகக் கோத்த மாதிரி ஆகி, இடது வலதுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். பாட்டில் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்வார்கள். சமமாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஓரத்தில் இருக்கும் வாத்தியங்கள் தப்பிக்கும். கால் என்றால் இரண்டு காதிலும் ஒரே சத்தம், அதனால்தான் பையரே காணாமல் போனார்.

அந்தப் பின் ஏன் முழுசாக உள்ளே போகவில்லை? செருகும்போது 'டக்' என்று உட்காரவில்லை, மெத்தையில் குத்திய மாதிரி மெத்தென்று நின்றது. வெளியே நகக்கீற்று அளவுக்குத் தங்க நிறம் தெரிந்தது. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் அடியில் பஞ்சு. கட்டிங் ஹாலுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன கிடைக்கும்!

கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஏனம்மிணி, நம்ம ஏர் கன்ல ஒரு ஊது ஊதிப்போடலாமா?" என்றார். வேண்டாமுங்க என்றேன். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினாலும் தள்ளும். ஊக்கு, குண்டூசியும் ஆகாது, உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்தால் அதோடு சரி. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி, ஓரமாக விட்டு மெதுவாகச் சுழற்றினேன். நாலாவது தடவையில் அரிசியில் பாதி அளவுக்கு ஓர் உருண்டை வந்து விழுந்தது. மேலே வெள்ளை, உள்ளே கருநீலம். கருநீல ஹூடி ஆர்டர் ஓடியது தீபாவளிக்கு முன்னால். அப்போதிருந்தே அடைந்துகொண்டிருந்திருக்கிறது.

பின் 'டக்' என்றது. பாடகர் திரும்பி வந்தார்.

பத்து நாள்தான். நாற்காலிச் சக்கரத்தில் வயர் மாட்டி லேப்டாப்பையே இழுத்துவிட்டது. மறுபடி விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. இந்தத் தடவை ஓட்டை சுத்தம், பின்னும் முழுசாக உட்கார்கிறது. புஷ்பா தியேட்டர் ஸ்டாப் பக்கத்துச் சந்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஏனுங்க்கா, இதைய ஊக்கு வெச்சு நோண்டுனீங்களா?"

"இல்லீங் தம்பி, பல்குச்சிதான்."

"அப்பச் சரீங்க."

திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றினான். நல்லவேளை, என் லேப்டாப்பில் ஜாக் மதர்போர்டில் இல்லை, யூஎஸ்பியோடு சேர்ந்து ஒரு சின்ன போர்டில் இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் காலிலும் இன்னொன்றை போர்டிலும் வைத்தான். 'பீப்' என்று கத்தியது, இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். பின்னை லேசாக ஆட்டினான், சத்தம் நின்றது. லென்ஸை என் கையில் கொடுத்தான். காலைச் சுற்றி ஈயத்தில் முடி மாதிரி ஒரு வட்ட விரிசல். பேஸ்ட் தடவி, புது ஈயம் வைத்து, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 350 ரூபாய்.

பஞ்சு மறுபடி போகாமல் இருக்க, வீட்டில் கிடந்த பழைய பின்னை வயரோடு வெட்டி மூடி மாதிரி செருகி வைத்தேன். ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று நினைத்து லேப்டாப் ஸ்பீக்கரை அணைத்துவிட்டது. மறுநாள் காலில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி டிரைவரைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, பின்னைப் பிடுங்கிவிட்டு, செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்.